முகத்துக்கு முகம்

பல் டாக்டரின் வரவேற்பறையில் அவள் தன் முகத்தைப் பார்த்தாள். மீன்தொட்டிக்கு மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்ட அச்சுப்படம். வாய் பிளந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு அலறும் ஒரு பெண். கீழே சின்ன எழுத்தில் ‘துயரம்’ என்று போட்டு, பக்கத்தில் அவளுடைய அண்ணன் பெயர்.

அடுத்த நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் அந்தப் படத்தைக் காட்டி, “பல்வலி வந்தா இப்படித்தாங்க கத்தத் தோணுது. இடம் பாத்துத்தான் மாட்டியிருக்காங்க” என்றான்.

அவளும் சிரித்து வைத்தாள். பிறகு, கூப்பிடுவதற்கு முன்னாலேயே எழுந்து, வலிக்கிற பல்லோடு வீட்டுக்கு நடந்தாள்.

அவள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படம் வரைபவள். குளம்பு, மடி, தாடை, வால் எலும்பு என்று பாடப்புத்தகங்களுக்குத் தேவையானதை எல்லாம் மையால் வரைந்து கொடுப்பது வேலை. மற்ற நேரத்தில் தனக்காக வண்ணத்தில் வரைவாள்: கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் குளம், புங்கமரங்கள், சிகிச்சைக்கு வந்து உரிமையாளர் திரும்பி வராமல் அங்கேயே தங்கிப்போன கழுதைகள். கழுதைகளை அவள் அத்தனை தடவை வரைந்திருந்தாள். அண்ணன்தான் அவளுக்குக் ‘கழுதைக்காரி’ என்று பெயர் வைத்தவன். ஒரு பேட்டியில்கூட அப்படிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறான். “எங்க வீட்ல ரெண்டு ஓவியருங்க. நான் மனுஷங்கள வரைவேன். தங்கச்சி கழுதை வரைவா. பாக்க வர்ற கூட்டம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.”

அந்த முகம் எப்படி அவன் கைக்குப் போனது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய ஒரே மகன் ஏழு வயதில் காய்ச்சலில் போனான். குழந்தைகள் வார்டில், மதிய வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்தபோது நர்ஸ் வந்து மூக்கிலிருந்த குழாயை எடுத்தாள். அதற்குப் பிறகு தான் என்ன சத்தம் போட்டோம் என்று அவளுக்கே தெரியாது. கதவோரம் அண்ணன் நின்று தலையைக் குனிந்து ஏதோ தாளில் கிறுக்குவது மட்டும் ஒரு கணம் கண்ணில் பட்டது. சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்காக ஃபோன் நம்பர்களைக் குறித்துக்கொள்கிறான் என்று நினைத்தாள். நல்ல அண்ணன், பொறுப்பை எடுத்துக்கொண்டான் என்றுகூட நினைத்தாள்.

அவன் அவளை வரைந்துகொண்டிருந்தான்.

அதுவரை பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டராக இருந்தவன், அந்த ஒரு படத்தால் பெரிய ஆளானான். முதல் கண்காட்சியில் அவள் போய்ப் பார்த்தாள். ஆள் உயரத்தைத் தாண்டிய கேன்வாஸ். அந்த வாயைத் தாண்டி அவளுடைய கண் எங்கும் போகவில்லை. வெளியே வந்துவிட்டாள். பின்னாலேயே ஓடிவந்த அண்ணனிடம் கேட்டாள்.

“என்னைக் கேக்கணும்னு தோணலையா உனக்கு?”

“அது நீ இல்லம்மா. அது துக்கம். எல்லா அம்மாவும் அதுல இருக்காங்க.”

“துக்கத்துக்குத் தாடையில மச்சம் இருக்குமாண்ணா?”

அந்த வருஷமே அவளுடைய கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போனார். கொஞ்சம் கொஞ்சமாக அவரோடு பேச்சும் நின்றுபோனது. படத்தை எடுத்துவிடு, என்னிடம் கொடுத்துவிடு என்று அவள் அண்ணனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஒவ்வொரு முறையும் “பாப்போம்” என்றான். அவள் முகம் புத்தக அட்டையில் வந்தது, துணிப்பையில் வந்தது, குடையில்கூட வந்தது. மழை நாளில் தெருவில் எதிரே வந்த ஒரு பெண் அவளுடைய அலறலைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

பல் டாக்டரிடமிருந்து திரும்பிய அந்த வாரத்தில்தான் ஓவியக் காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் அம்மா ஃபோன் செய்தாள். அண்ணனுக்கென்று தனியாக ஒரு கூடம் திறக்கப்போகிறார்கள். நடுச்சுவரில் அவனுடைய உருவப்படம் வேண்டும்.

“மத்தவங்க வரையிறதவிட நீங்க வரைஞ்சா அதுல ஒரு பாசம் இருக்கும் மேடம். சார்கிட்ட கேட்டேன். அவருக்கும் சந்தோஷம். ‘மூஞ்சி கழுதை மாதிரி வந்தா என்னைத் திட்டக் கூடாது’ன்னு சிரிச்சாரு.”

“வரைஞ்சு தர்றேன்” என்றாள். யோசித்துச் சொல்வதாகக்கூடச் சொல்லவில்லை. ஃபோனை வைத்த பிறகு பல் வலி நின்றிருப்பதைக் கவனித்தாள்.

அண்ணன் வீட்டு மாடியில் அவனுடைய வேலைக்கூடம். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அவன் தயாராக உட்கார்ந்திருந்தான். தோளில் சால்வை, தாடை லேசாகத் தூக்கி, பார்வை தூரத்தில். வலது கையைச் சால்வைக்குள் வைத்திருந்தான். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளுடைய தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள். அண்ணியின் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது.

முதல் சில நாட்கள் எதுவும் வரவில்லை. தாளில் விழுந்தது எல்லாம் பத்திரிகைகளில் வரும் அதே முகம். அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. மரத்தை வரைய உட்கார்ந்தால் மரம் உன்னைக் கண்டுகொள்ளாது. காற்று வந்தால் ஆடும், வெயில் போனால் இருளும், நீ எழுந்து போனாலும் அதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் மரம் பொய் சொல்வதே இல்லை. கழுதை ஒருமுறை தலையைத் தூக்கி உன்னைப் பார்க்கும். உன்னால் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் மறுபடி புல்லில் வாய் வைத்துவிடும், அதற்குப் பிறகு நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். மனிதன் அப்படியில்லை. தன்னை ஒருத்தர் பார்க்கிறார் என்று தெரிந்த நிமிஷமே, தனக்குப் பதிலாக வேறு ஒருவனைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். அந்த ஆளை வெளியே இழுப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அவன் சலித்துப்போகிற வரைக்கும் காத்திருப்பது. மற்றது, அவனுக்குப் பார்க்கப்படுவது தெரியாத நேரத்தில் வரைவது. தன் பிள்ளையின் கட்டில் பக்கத்தில் நின்ற ஒருத்திக்கு எதுவும் தெரியாது. அண்ணன் அன்றைக்கு எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது வழி.

அவள் முதல் வழியில் காத்திருந்தாள். காத்திருக்கும்போது கண் தன் வேலையைச் செய்தது.

டீ தினமும் ஆறிப்போனது. மேலே ஆடை படிகிற வரைக்கும் அவன் தொடுவதில்லை. அவள் பென்சில் சீவ ஜன்னல் பக்கம் திரும்பும்போதுதான் டம்ளர் காலியாகும். ஒரு நாள் அண்ணி வந்து சால்வையைச் சரிசெய்யப் போனபோது, “விடு, விடு” என்று சட்டென்று தோளைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கு அந்த அசைவு தெரிந்த அசைவு. நொண்டுகிற மிருகம் நொண்டுவதைக் காட்டாது. கூட்டத்தில் மற்றது பார்த்துவிட்டால் தன் இடம் போய்விடும் என்று, வலிக்கிற காலில் ஒரு கணம் பாரத்தைப் போட்டுவிட்டு உடனே எடுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கல்லூரியில் பையன்கள் வருஷக்கணக்கில் படிக்கிறார்கள்.

அடுத்த நாள் அவள் ரப்பரை எடுத்தாள். சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதும்போது இருவருக்கும் இடையே பறந்துகொண்டிருந்ததைப் போல, “பிடிண்ணா!” என்று அவனை நோக்கி வீசினாள்.

அவனுடைய கை தன்னால் வெளியே வந்தது. வலது கை. ரப்பர் விரல்களுக்கு நடுவே தட்டித் தரையில் உருண்டது. கை அப்படியே அந்தரத்தில் நின்று, தரையில் போட்ட மீனைப் போலத் துடித்தது. அவன் அதை இடது கையால் பிடித்து அழுத்தினான். அழுத்தியும் நிற்கவில்லை. அப்போது தன் கையைப் பார்த்த அவனுடைய முகத்தில், பேட்டி கொடுக்கிறவன் இல்லை, பெரிய ஓவியர் இல்லை. இருட்டில் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயப்படும் ஒரு கிழவன் இருந்தான்.

அவள் வரைய ஆரம்பித்தாள்.

“ஏய். அத வரையாத.”

கரிக்குச்சி ஓடிக்கொண்டே இருந்தது.

“எவ்வளவு நாளாண்ணா?”

“ரெண்டு வருஷம் இருக்கும். மாத்திரை சாப்பிடுறேன். யாருக்கும் தெரியாது. உங்க அண்ணிக்கும் டாக்டருக்கும்தான்... வரையாதன்னு சொல்றேன்ல!”

“புதுப்படம் வரையிறதாப் பத்திரிகையில சொன்னியே?”

சுவரோரமாக வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்த பெரிய கேன்வாஸை அவள் பார்த்தாள். துணிக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது என்று புரிந்தது.

“அது நீ இல்லண்ணா,” என்றாள். “அது முதுமை. எல்லாக் கிழவனும் அதுல இருக்காங்க.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையையும் அவள் விடாமல் எடுத்துக்கொண்டாள்.

வண்ணம் போடுகிற வேலையை அவள் தன் வீட்டில் செய்தாள். அவளுடைய வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்த நாட்கள் கிடையாது. கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, சமையலைக்கூட மறந்து, டர்பன்டைன் வாசத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வரைந்தாள். அவனுடைய கண்ணுக்குக் கீழே தொங்குகிற சதைக்குப் பழுப்பும் பச்சையும் கலந்தாள். அந்தக் கைக்கு மட்டும் எல்லையைக் கூர்மையாகப் போடாமல், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று மெல்லிய கோடுகளில் விட்டாள். பார்க்கிறவன் கண்ணில் கை நடுங்கும். அண்ணன் இனி எந்தக் கூட்டத்திலும் அந்தக் கையைச் சால்வைக்குள் வைக்க முடியாது. வைத்தாலும் எல்லாருக்கும் காரணம் தெரியும். அதை நினைத்து நினைத்து அவள் தூரிகையைக் கழுவினாள்.

முடித்த இரண்டாவது நாள் அண்ணன் வந்தான். பல வருஷத்தில் அவள் வீட்டு வாசலை அவன் மிதித்தது அதுதான் முதல் தடவை. படத்துக்கு முன்னால் நின்றான். முதலில் கிட்டே போய்ப் பார்த்தான், பிறகு பின்னால் வந்து, பிறகு பக்கவாட்டில் போய்.

“கை நல்லா வந்திருக்கு” என்றான். குரலில் பொய் இல்லை. பிறகு அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். “இத மாட்டாதம்மா.”

அவள் தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கூடத்துல அத்தன பேரு வருவாங்க. என்கிட்ட படிச்ச பசங்க வருவாங்க. நான் செத்த பெறகு மாட்டிக்கோ. இப்ப வேணாம்.”

“என் பையன் செத்த அன்னிக்கு நீ எவ்வளவு நேரம் பொறுத்த?”

அவன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். “சரி. உன் படத்த உன்கிட்டயே குடுத்துடுறேன். அசல். அது என் பேர்லதான் இருக்கு, காட்சிக்கூடத்துக்குப் பார்வைக்குத்தான் குடுத்திருக்கேன். நாளைக்கே எடுத்து அனுப்பச் சொல்றேன். அத என்ன வேணா பண்ணிக்கோ. இது உள்ள இருக்கட்டும்.”

இத்தனை வருஷமாக அவள் கேட்டது அதைத்தான்.

“அனுப்பு,” என்றாள்.

“அப்ப இது?”

“மாட்ட மாட்டேன்.”

எழுந்து போகும்போது அவன் அவளுடைய தோளைத் தொட்டான். இடது கையால்.

சொன்னபடியே வேன் வந்தது. இரண்டு பேர் பெரிய கேன்வாஸைச் சாக்குத்துணியில் சுற்றி இறக்கி, அவள் வீட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்தார்கள். அவள் அதைப் பிரிக்கவில்லை. வேன்காரர்கள் கிளம்பும் முன், “ஒரு நிமிஷம், இதையும் எடுத்துட்டுப் போங்க. அங்கதான் போகணும்” என்று அண்ணன் உருவப்படத்தைக் கொடுத்தாள். கொடுத்த வாக்கை மீறுகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த வாக்கைக் கொடுக்கும்போதே தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி அவள் குழந்தையைப் போலத் தூங்கினாள்.

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். பொறுப்பாளர் அம்மா மைக்கில் பாசம், குடும்பம், இரண்டு தூரிகைகள் என்று என்னென்னவோ சொன்னாள். அண்ணன் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தான். துணிக்குப் பின்னால் என்ன படம் என்று அவனுக்குத் தெரியாது. தங்கை வேறு ஏதோ சின்னதாக வரைந்து கொடுத்திருப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். துணியை இழுத்தார்கள்.

கைதட்டல் எங்கோ பின்னால் ஆரம்பித்து முன்னால் வந்தது. மக்கள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு, எல்லாரும் ஒன்றாக, அவனுடைய சால்வையைப் பார்த்தார்கள். அவனிடம் படித்த ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டான். ஒரு நிருபர் கேமராவை உயர்த்தி, “சார், அந்தக் கையக் கொஞ்சம் வெளிய எடுக்க முடியுமா? படத்துக்குப் பக்கத்துல...” என்றான்.

அண்ணன் கூட்டத்துக்கு மேலாக அவளைத் தேடினான். அவள் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒளிந்துகொள்ளவில்லை. அவன் கண்ணைச் சந்தித்தாள், தானாக விலகுகிற வரைக்கும் விடவில்லை. அவனுக்குப் பின்னால் சுவரில், ‘துயரம்’ மாட்டுவதற்காக ஒதுக்கியிருந்த இடம் வெறுமையான ஒரு பெரிய சதுரமாக இருந்தது. அன்றைக்கு அவள் நெஞ்சில் இருந்த நிறைவைப் பற்றிப் பின்னால் எப்போது யோசித்தாலும், அதற்காக வெட்கப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அண்ணி வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“அவர் பண்ணது தப்புதான். நான் அன்னைலேருந்தே சொல்லிட்டிருக்கேன். ஆனா நீ பொய் சொல்லி ஏமாத்திருக்க. அத நான் மறக்க மாட்டேன்.”

“மறக்க வேணாம் அண்ணி.”

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, போகிற வாக்கில், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். “ஒண்ணு மட்டும் சொல்லணும். முன்னாடி சாப்பிடும்போது ரூம் கதவ சாத்திக்குவாரு. சட்டையெல்லாம் குழம்பு. இப்ப ஹால்ல எல்லாரும் பாக்க உக்காந்து, நான் ஸ்பூன்ல ஊட்டினா வாங்கிக்கிறாரு. ‘இனிமே என்னத்துக்கு மறைக்கணும்’ங்கிறாரு. நல்லாத் தூங்குறாரு. உன்னைத் திட்டுறது மட்டும் தினமும் நடக்குது.”

அண்ணி போனதும் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவன் நல்லாத் தூங்கவா அவள் அத்தனையும் செய்தாள்? அவனுடைய பாரத்தைத் தானே இறக்கி வைத்துவிட்டதுபோல ஆகிவிட்டதே என்று கூடத்தில் இங்குமங்கும் நடந்தாள். கடைசியில் சாக்கு சுற்றிய கேன்வாஸின் முன்னால் வந்து நின்றாள். இதையாவது கொளுத்திவிட வேண்டும். பின்கட்டில் விறகும் மண்ணெண்ணெயும் இருந்தன. சாக்கைக் கிழித்துப் படத்தைத் திருப்பினாள்.

அதே வாய். இந்த முறை அவள் விலகிப் போகவில்லை. நீ யார், எதற்கு இப்படிக் கத்துகிறாய் என்று அதை முறைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது ஒரு வாயாக மட்டும் ஆனது. கொஞ்சம் அதிகமாகப் போட்ட சிவப்பு, அவசரமாக இழுத்த நிழல். பிறகு கண் தானாகக் கீழே இறங்கியது. அச்சுப்படங்களில் எல்லாம் கழுத்தோடு வெட்டிவிடுவார்கள். அசலில் அதற்குக் கீழே கட்டில் இருந்தது. கசங்கிய போர்வை இருந்தது. போர்வைக்கு வெளியே, இடது மூலையில், இரண்டு சின்னப் பாதங்கள்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

குதிகாலில் செருப்பு கடித்த வடு. இடது காலின் சுண்டுவிரல், பிறந்ததிலிருந்தே பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். குளிப்பாட்டும்போது அதை அவள் தனியாகத் தூக்கித் தேய்ப்பாள். அவளிடம் இருந்த ஃபோட்டோக்கள் எல்லாவற்றிலும் பையன் ஷூ போட்டிருந்தான். அந்த விரல் எப்படி இருந்தது என்பதே கொஞ்ச காலமாக அவளுக்கு மங்கிக்கொண்டு வந்தது. இங்கே அது இருந்தது, அத்தனை வருஷமும் கூட்டத்துக்கு நடுவே தொங்கிக்கொண்டு. மேலே அந்த வாயை வரைந்தவன் கை வேறு, இந்தக் காலை வரைந்தவன் கை வேறு என்று தோன்றியது. இங்கே அவசரமே இல்லை. நகத்தின் மேல் விழுந்த மதிய வெளிச்சத்தைக்கூட அவன் விடவில்லை.

அவள் அழுதாளா என்றால், அழுதாள். அதற்குப் பிறகு கல்லூரியில் எலும்பு மாதிரிகளுக்கு அட்டை வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து, பாதங்களைச் சுற்றி ஒரு சதுரம் வெட்டி எடுத்தாள். மீதியைச் சட்டத்தோடு இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினாள். வண்ணம் பிடித்ததும் கரும்புகை எழும்பியது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து, “என்னங்க எரிக்கிறீங்க? துணியெல்லாம் நாறுது!” என்று கத்தினார். “என் மூஞ்சியைத்தாங்க” என்றாள். அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அண்ணி ஃபோன் செய்தாள். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

“அவர் கேக்கச் சொல்றாரு. அந்தப் பெரிய படம் பத்திரமா இருக்கான்னு.”

“இல்ல அண்ணி. வெட்டி எரிச்சுட்டேன்.”

அண்ணி அதைத் திரும்பி அறைக்குள் சொல்வது கேட்டது. பிறகு ஃபோன் கைமாறியது. அந்தப் பக்கம் ஃபோன் காதில் தட்டித் தட்டி, சட்டையில் உரசி உரசி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

“கால்?” என்றான் அண்ணன்.

“இருக்கு.”



“அந்தச் சுண்டுவிரல் வரவே இல்ல,” என்றான். “எத்தன தடவ அழிச்சேன்னு தெரியாது.”

அவள் ஃபோனை வைத்தாள்.